கொல்லிப்பாவையும் சூனியக்காரியும்: தமிழ்ப் பரிசோதனை நாடகத்தில் பெண்ணுடல்

பெண்ணின் உடலை ஆபத்தானதாகக் கருதி அதைக் கண்காணிப்பதும் தண்டிப்பதும் எல்லாப் பண்பாடுகளிலும் உண்டு. ஐரோப்பாவில் இது சூனியக்காரி வேட்டையாக வெளிப்பட்டது. தமிழகத்தில் வெறியாட்டு, பேயோட்டு, அலர், காவல் எனப் பல வடிவங்களில் இருந்தது. 1977-க்குப் பின் உருவான தமிழ்ப் பரிசோதனை நாடகம், குறிப்பாக அ. மங்கையின் நாடகங்கள், இக்கட்டுப்பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தன. கொல்லிமலையின் கொல்லிப்பாவைத் தொன்மத்தையும், பழைய சேலம் மாவட்டத்தின் பெண் சிசுக்கொலைச் சிக்கலையும் பின்புலமாகக் கொண்டு அந்த நாடக முயற்சிகளை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

கொல்லிமலை

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தில் உள்ள மலைத்தொடர். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதி. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட மலைப்பாதை மேலே செல்கிறது. அறப்பளீஸ்வரர் கோயில், ஆகாய கங்கை அருவி, எட்டுக்கை அம்மன் கோயில், மாசி பெரியசாமி கோயில் ஆகியவை இங்குள்ளன. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் வாழ்கின்றனர். சாமை, தினை, கேழ்வரகு ஆகியவை மரபான பயிர்கள். சங்ககாலத்தில் இது வல்வில் ஓரியின் மலை. ஓரியை மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரனுக்கு அளித்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. ஓரியின் நினைவாக ஆடி மாதத்தில் செம்மேட்டில் அரசு விழா நடைபெறுகிறது.

நாமக்கல் 1997 ஜனவரி 1 அன்று தனி மாவட்டமானது. அதுவரை கொல்லிமலை சேலம் மாவட்டத்தில் இருந்தது. பின்னால் பேசப்படும் மக்கள்தொகைக் கணக்குகளைப் புரிந்துகொள்ள இச்செய்தி தேவை.

கொல்லிப்பாவை: பாடலும் பழங்கதையும்

கொல்லிப்பாவை குறித்து இன்று பரவலாகச் சொல்லப்படும் கதை இது. மலையில் தவம் செய்யும் முனிவர்களை அசுரர்கள் தொந்தரவு செய்தனர். அவர்களைத் தடுக்க ஓர் அழகிய பெண்ணுருவம் செய்துவைக்கப்பட்டது. வருபவரைக் கண்டால் அது சிரிக்கும். அதன் சிரிப்பில் மயங்கி நெருங்குபவர் உயிரிழப்பர். கொல்லும் மலை என்பதால் கொல்லி, கொல்லும் பாவை என்பதால் கொல்லிப்பாவை என்று பெயர் விளக்கமும் சொல்வதுண்டு.

சங்கப் பாடல்களில் உள்ள பாவை இவ்வாறு கொல்வதில்லை. குறுந்தொகை 89-ஆம் பாடலில் பரணர், கொல்லியின் மேற்குச் சரிவில் தெய்வம் எழுதிய அழகிய பாவைக்குத் தலைவியை உவமையாக்குகிறார். குறுந்தொகை 100-இல் கபிலர் ஓரியின் கொல்லிப் பாவையைத் தலைவியின் அழகுக்கு ஒப்பிடுகிறார். நற்றிணை 192-இல் பாவையை உருவாக்கியது பூதம். நற்றிணை 201-இல் காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலம் அதிர்ந்தாலும் தன் அழகு குறையாமல் நிற்கும் பாவை வருகிறது. தலைவனின் நெஞ்சைவிட்டு நீங்காத தலைவிக்கு அது உவமை.

இப்பாடல்களில் இரண்டு செய்திகள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பாவை அசையாதது. அதைச் செய்தவர் வேறொருவர், பார்ப்பவர் வேறொருவர், அதற்கென்று ஒரு சொல்லும் இல்லை. இரண்டாவது, பாவை உவமையாக வரும் இடங்களில் பெண்ணைச் சுற்றிக் காவலோ ஊர்ப்பேச்சோ இருக்கிறது. நற்றிணை 201-இல் தலைவி கடுங்காவலில் இருப்பவள், அவளை நினைப்பதே வீண் என்று தோழன் தடுக்கிறான். குறுந்தொகை 89-இல் உரலில் குற்றிக்கொண்டே பெண் பாடும் வள்ளைப்பாட்டைப் பற்றி ஊரார் பேசுகிறார்கள். அந்த ஊரைத் தோழி பேதைமை உடையது என்று பழிக்கிறாள். பெண் பாடினாலே அது ஊருக்குச் செய்தியாகிவிடுகிறது.

அழகின் நிலைத்த உருவமாக இருந்த பாவை, பிற்காலக் கதையில் கொல்லும் உருவமாக மாறியது. பார்க்கப்படும் பொருளாக இருந்த பெண்ணுருவம் பார்ப்பவனின் சாவுக்குக் காரணமாக்கப்பட்டது. ஆணின் மயக்கத்துக்கான பொறுப்பு பாவையின் சிரிப்பின்மேல் ஏற்றப்பட்டது. சூனியக்காரி என்ற கற்பிதம் உருவாகும் முறையும் இதுதான். அடுத்தவரின் அச்சமும் ஆசையும் ஒரு பெண்ணுடலின் குற்றமாக மாற்றி எழுதப்படுகின்றன.

பாவைக்கு நாடக மரபிலும் இடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் பதினோராடல்களுள் ஒன்று பாவை. அசுரர் போர்க்கோலம் ஒழியும்படி திருமகள் பாவை வடிவில் ஆடிய கூத்து அது. இங்கே பாவை செய்துவைக்கப்பட்ட பொம்மை அன்று. தெய்வப்பெண் தானே தேர்ந்துகொண்ட வேடம். தமிழின் பழைய கூத்து மரபு பாவையை அசையவும் ஆடவும் வைத்தது என்பது நாடக நோக்கில் முக்கியமானது.

வெறியாட்டும் பேயோட்டும்

சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் தலைவியின் உடல் மெலிகிறது, நிறம் மாறுகிறது, வளை கழல்கிறது. தாய் கட்டுவிச்சியிடம் குறி கேட்கிறாள். முருகன் அணங்கியதால் வந்த நோய் என்று சொல்லப்பட, வேலன் வரவழைக்கப்பட்டு வெறியாடுகிறான், ஆடு பலியிடப்படுகிறது. உண்மைக் காரணம் காதல் என்பது தலைவிக்கும் தோழிக்கும் வாசகருக்கும் தெரியும். வீட்டுக்கும் ஊருக்கும் தெரியாது.

பெண்ணுடலை அவள் சொல் கேட்காமல் அடுத்தவர் படித்து முடிவு சொல்வதே வெறியாட்டின் அடிப்படை. ஆனால் சங்கப் பாடல்கள் இந்தச் சடங்கை நம்பிக்கையோடு பதிவு செய்வதோடு நிற்பதில்லை. நற்றிணை 34-இல் தோழி, நோயின் காரணம் தெரிந்தும் வெறியாட்டுக்கு வந்து நின்ற முருகனையே அறியாதவன் என்கிறாள். குறுந்தொகை 362-இல் வேலனிடம், பலியை அந்த மலைநாட்டான் மார்பும் உண்ணுமா என்று கேள்வி எழுகிறது. குறுந்தொகை 23-இல் ஔவையார், குறி சொல்லும் அகவன் மகளிடம் காதலனின் மலையைப் பற்றிய பாட்டை மீண்டும் பாடச் சொல்கிறார். வெறியாட்டைப் பாடியதாலேயே பெயர்பெற்ற பெண்புலவர் வெறிபாடிய காமக்கண்ணியார். அவருடைய அகநானூற்றுப் பாடலில் (22) தலைவியே நடந்ததை நினைத்து நகைக்கிறாள். சடங்கின் நடுவில் நின்று சடங்கைக் கேலி செய்யும் இந்தப் பெண்குரல் தமிழின் பழைமையான நாடகத் தருணங்களுள் ஒன்று.

பிற்காலத்தில் வேலனின் இடத்தைக் கோடாங்கியும் பூசாரியும் எடுத்துக்கொண்டனர். மானுடவியலாளர் இசபெல் நபோக்கோவ் தென்னாற்காட்டுப் பகுதியில் ஆய்வு செய்து, பேய் பிடித்ததாகச் சொல்லப்படுபவர்களில் பெரும்பாலோர் புதிதாக மணமான இளம்பெண்கள் என்று காட்டினார். பிடிக்கும் பேய் பெரும்பாலும் அகாலமாக இறந்த இளைஞன். உடுக்கை ஒலியில் பெண்ணை ஆடவைத்து, பேயிடம் பேர் ஊர் கேட்டு, அவள் தலைமயிரில் ஒரு கொத்தை அறுத்து மரத்தில் ஆணியடித்து வைப்பதோடு சடங்கு முடிகிறது. கணவன் வீட்டுக்கு இணங்காத உடல் இணங்கும் உடலாகத் திருப்பி அனுப்பப்படுகிறது. கல்பனா ராம் போன்ற ஆய்வாளர்கள் இதை வேறுவிதமாகவும் பார்க்கின்றனர். வேறெங்கும் பேச இயலாத பெண்ணுக்குப் பேயாட்டம் ஒரு பேச்சாகவும் அமைந்துவிடுகிறது என்பது அவர்கள் தரப்பு. இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும் என்பதே நாடகக்காரர்களை இச்சடங்குகளின்பால் ஈர்த்தது.

உலக நாடகத்தில் சூனிய வேட்டை

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலம் என்னும் ஊரில் 1692-இல் நடந்த சூனிய வழக்குகளில் 19 பேர் தூக்கிலிடப்பட்டனர். அவர்களில் 14 பேர் பெண்கள். (தமிழ்நாட்டுச் சேலத்துக்கும் அதற்கும் உள்ள பெயரொற்றுமை தற்செயலானது.) இதை வைத்து ஆர்தர் மில்லர் 1953-இல் 'தி க்ரூசிபிள்' நாடகத்தை எழுதினார். அன்றைய அமெரிக்காவின் கம்யூனிச எதிர்ப்பு விசாரணைகளுக்கு அது உருவகம். ஆனால் மில்லரின் நாடகத்தில் அறச்சிக்கல் ஆண் நாயகனுடையது. அழிவைத் தொடங்கிவைப்பவள் அவனை விரும்பிய இளம்பெண். வேட்டையைக் கண்டிக்கும் நாடகமே ஒரு பெண்ணைச் சூனியக்காரியாக்கிவிட்டது என்று பெண்ணியத் திறனாய்வாளர்கள் சுட்டினர்.

கேரில் சர்ச்சில் 1976-இல் 'மான்ஸ்ட்ரஸ் ரெஜிமென்ட்' நாடகக்குழுவுக்காக எழுதிய 'வினிகர் டாம்' இதற்கு மறுமொழி போல அமைந்தது. அதில் உண்மையான சூனியக்காரி யாருமில்லை. ஏழை, கிழவி, கணவனில்லாதவள், மருந்து தெரிந்தவள், மணம் செய்ய மறுத்தவள் ஆகியோரே குற்றம் சாட்டப்படுகின்றனர். மணம் மறுத்த பெட்டி என்னும் பெண்ணைக் கட்டிவைத்து மருத்துவர் இரத்தம் எடுக்கிறார். வேலன் ஆட்டுக்கும் இதற்கும் நோக்கத்தில் வேறுபாடில்லை. காட்சிகளுக்கு இடையே நடிகர்கள் இக்கால உடையில் வந்து பாடுகின்றனர். வேட்டை பழங்காலத்தோடு முடிந்துவிட்டது என்ற ஆறுதலைப் பார்வையாளருக்கு நாடகம் தருவதில்லை.

இந்தியாவில் சூனிய வேட்டை பழங்கதை அன்று. பீகார் 1999-இலும், ஜார்க்கண்ட் 2001-இலும், சத்தீஸ்கர் 2005-இலும், ஒடிசா 2013-இலும் இதற்கெதிராகத் தனிச்சட்டங்கள் இயற்றின. வங்க எழுத்தாளர் மகாசுவேதா தேவி 'பாயேன்' என்னும் கதையை எழுதிப் பின் நாடகமாகவும் ஆக்கினார். இறந்த குழந்தைகளைப் புதைக்கும் இடத்தைக் காக்கும் குலத்தொழில் கொண்ட சண்டிதாசி, தானே ஒரு பாலூட்டும் தாய். அவளைக் குழந்தைகளைக் கொல்லும் பாயேன் என்று ஊர் முத்திரை குத்தி ஒதுக்குகிறது. குழந்தைச் சாவு, தாய்ப்பால், பழி மூன்றும் ஒரே பெண்ணில் சேரும் இந்த அமைப்பு, தமிழகச் சூழலைப் புரிந்துகொள்ள மிக நெருங்கிய ஒப்பீடு.

சேலம் மாவட்டமும் தாய்மீது விழுந்த பழியும்

உசிலம்பட்டிப் பகுதியில் பெண் சிசுக்கொலை நடப்பது 1980-களின் நடுவில் பத்திரிகைகள் வழியாக வெளியுலகுக்குத் தெரியவந்தது. இந்தியா டுடே 1986 ஜூனில் இதை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. பின்னர் சேலம், தருமபுரி பகுதிகளும் பேசப்பட்டன. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குப் பெண் குழந்தைகள் தமிழ்நாட்டில் 948, சேலம் மாவட்டத்தில் 849. அன்றைய சேலம் மாவட்டம் இன்றைய நாமக்கல்லையும் கொல்லிமலையையும் உள்ளடக்கியது. 1992-இல் தமிழக அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்கியது. கருவில் பாலினம் அறிவதைத் தடைசெய்யும் மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது.

மாவட்டக் கணக்கு மலையையும் சமவெளியையும் ஒன்றாகக் காட்டும். கொல்லிமலையின் மலையாளி மக்களிடம் மணமகன் வீட்டார் பெண்ணுக்குப் பரியம் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சமவெளியில் நிலமுள்ள சாதிகளிடையே வரதட்சணை பெருகி, பெண் குழந்தை என்றாலே செலவு என்ற கணக்கு வலுத்தது. வறுமையும் அறியாமையும்தான் சிசுக்கொலைக்குக் காரணம் என்ற எளிய விளக்கம் இந்த ஒப்பீட்டின் முன் நிற்பதில்லை.

கொலையைத் தடுக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இருக்க முடியாது. ஆனால் அக்காலத்துச் செய்திகளிலும் சுவரொட்டிகளிலும் குற்றவாளியின் முகம் பெரும்பாலும் பெண்ணுடையதாக இருந்தது. கள்ளிப்பால் கொடுத்த தாய், கொடுக்கச் சொன்ன மாமியார், கைகொடுத்த மருத்துவச்சி என்று மூவரே திரும்பத் திரும்பக் காட்டப்பட்டனர். கைதானவர்களும் பெரும்பாலும் பெண்களே. வரதட்சணை கேட்டவன், நிலத்தைப் பிரிக்க விரும்பாதவன், இன்னொரு பெண் பிறந்தால் வீட்டுக்கு வராதே என்றவன் காட்சியில் இல்லை. ஐரோப்பிய வேட்டையிலும் சிசுக்கொலைப் பழி மருத்துவச்சிகள்மேல் விழுந்தது. கொலை உண்மை, வேட்டையும் உண்மை. இந்த இரண்டையும் ஒருங்கே சொல்வதே இப்பொருளில் நாடகம் எழுதுவோருக்கு முன்னிருந்த சிக்கல்.

1994-இல் வெளிவந்த பாரதிராஜாவின் 'கருத்தம்மா' திரைப்படம் இப்பொருளைப் பெரும் மக்கள்கூட்டத்திடம் கொண்டுசென்றது. கொல்லச் சொல்பவன் தந்தை என்பதை அது மறைக்கவில்லை. கொல்லும் கை மருத்துவச்சியுடையது, காப்பாற்றுபவர் பள்ளி ஆசிரியர் என்பதால் பார்வையாளருக்கு நல்லவர் யார், கெட்டவர் யார் என்பது எளிதில் பிரிந்துவிடுகிறது. மேடை நாடகம் வேறு வழி தேட வேண்டியிருந்தது.

பச்ச மண்ணு

அ. மங்கை சென்னை ஸ்டெல்லா மேரிஸ் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகப் பணியாற்றியவர். இயற்பெயர் பத்மா. 1977 காந்திகிராம நாடகப் பட்டறை, அதே ஆண்டு தொடங்கப்பட்ட ந. முத்துசாமியின் கூத்துப்பட்டறை, 1978-இல் தொடங்கப்பட்ட ஞாநியின் பரீக்‌ஷா, மு. ராமசுவாமியின் நிஜ நாடக இயக்கம், 1980-இல் சோழமண்டலத்தில் பாதல் சர்க்கார் நடத்திய பட்டறை ஆகியவற்றால் உருவான சூழலில் நாடகத்துக்கு வந்தவர். 1993-இல் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆதரவில் மௌனக்குரல் என்னும் பெண்ணிய நாடகத் திட்டம் தொடங்கியது. கொல்லிமலையில் சிறுதானியங்களைக் காக்கும் பணியைச் செய்துவருவதும் இதே நிறுவனம்தான்.

மௌனக்குரலின் தொடக்ககால நாடகம் 'பச்ச மண்ணு'. பிறந்த குழந்தையைப் பச்சை மண்ணு என்று சொல்லும் பேச்சு வழக்கே தலைப்பு. பெண் சிசுக்கொலையைப் பற்றிய இந்நாடகம் கொலைக் காட்சியை மையமாக்கவில்லை. பூப்பு, திருமணம், வளைகாப்பு என்று பெண்ணின் வாழ்வில் வரும் சடங்குகளைத் தொடர்ந்து அடுக்கியது. கிராமங்களில் நிகழ்த்தப்பட்டது. பார்வையாளருடன் உரையாடுவதும் நிகழ்வின் பகுதியாக இருந்தது.

இந்த வடிவத்தேர்வே நாடகத்தின் முதன்மையான சாதனை. சிசுக்கொலை ஓர் இரவில் ஒரு தாய் செய்யும் குற்றமாக அன்றி, ஒரு பெண் பிறந்தது முதல் அவள் உடல்மேல் எழுதப்பட்ட கணக்கின் கடைசி வரியாகத் தெரிகிறது. பூப்பு நீராட்டில் ஊருக்கு அறிவிக்கப்படுவது அவள் உடல் மணத்துக்குத் தயார் என்பது. மணத்தில் அவ்வுடலுக்குக் கூடவே செல்ல வேண்டிய பொன் எடைபோடப்படுகிறது. வளைகாப்பில் பிறக்கப்போகும் குழந்தை ஆணாக வேண்டும் என்ற வாழ்த்து பாடப்படுகிறது. ஒவ்வொரு சடங்கும் தனித்தனியே பார்த்தால் அன்பின் வெளிப்பாடு. அடுக்கிப் பார்த்தால் ஒரு விலைப்பட்டியல். பார்வையாளர் தம் வீட்டில் மஞ்சளும் சந்தனமுமாகக் கொண்டாடியதையே மேடையில் காண்கின்றனர். அதனால் குற்றவாளியை வெளியே தேட முடியாமல் போகிறது.

சூனிய வேட்டை தனி ஒருத்தியைப் பிரித்தெடுத்தால்தான் நடக்கும். 'பச்ச மண்ணு' யாரையும் அப்படிப் பிரித்தெடுக்க மறுத்தது. அந்த மறுப்பே அதன் அரசியல்.

ஔவை

கவிஞர் இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை' 1998-இல் மேடையேறியது. மக்கள் அறிந்த ஔவை கூன்விழுந்த கிழவி. மணத்துக்கு அஞ்சி இளமையையே வேண்டாம் என்று இறைவனிடம் முதுமை வேண்டிப் பெற்றவள் என்பது கதை. பாடப்புத்தகமும் 1953-இல் வந்த திரைப்படமும் அந்த உருவத்தையே நிலைநாட்டின.

சங்க ஔவை வேறு. அதியமானோடு கள்ளுண்டவர், நெல்லிக்கனி பெற்றவர், தொண்டைமானிடம் தூது சென்று படைக்கலக் கொட்டிலைப் பார்த்துக் கேலியாகப் பாடியவர், ஊர் ஊராகச் சென்ற பாணர் மரபினர். இன்குலாப் அந்த ஔவையை இளம் விறலியாக மேடைக்கு மீட்டார். அறிவுள்ள பெண் ஊர் சுற்ற வேண்டுமானால் முதலில் கிழவியாக வேண்டும் என்ற விதியை நாடகம் கேள்வி கேட்டது. ஆடவும் பாடவும் குடிக்கவும் சண்டையை எதிர்க்கவும் கூடிய இளம்பெண்ணுடல் தமிழ் நினைவிலிருந்து எப்படி அகற்றப்பட்டது என்பதே அதன் வினா.

கொல்லிப்பாவைக்கும் ஔவைக்கும் நேர்ந்தவை ஒரே செயலின் இரு பக்கங்கள். இளமையோடு இருக்கும் பெண்ணுருவம் கொல்வதாக ஆக்கப்பட்டது. கொல்லாமல் இருக்க வேண்டிய பெண் கிழவியாக்கப்பட்டாள். இரண்டுக்கும் இடையில் சாதாரணப் பெண்ணுக்கு இடமே விடப்படவில்லை. கொல்லிமலைக்காகப் போரிட்ட சேரனும், தகடூரை ஆண்ட அதியமானும் ஒரே காலத்து அரசியலைச் சேர்ந்தவர்கள் என்பதால், ஔவை நடந்த நிலமும் பாவை நின்ற நிலமும் அருகருகே உள்ளவை.

மங்கை இவற்றைத் தவிர மகாபாரத அம்பை, சிகண்டி கதையை எடுத்துக்கொண்ட 'பனித்தீ', வ. கீதாவின் எழுத்தில் தமிழ்ப் பெண்களின் வரலாற்றைச் சொல்லும் 'காலக்கனவு' ஆகியவற்றையும் இயக்கினார். பின்னர் அவர் வழிநடத்திய குழுவின் பெயர் மரப்பாச்சி. பெண் குழந்தையின் கையில் முதலில் கொடுக்கப்படும் மரப்பாவையின் பெயரைப் பேசும் ஆடும் பெண்கள் தம் குழுவுக்குச் சூட்டிக்கொண்டதே ஒரு திறனாய்வுதான்.

ஒப்பீடு

இந்திரா பார்த்தசாரதியின் 'கொங்கைத் தீ' கண்ணகி கதையையும், செ. ராமானுஜத்தின் 'வெறியாட்டம்' யூரிப்பிடிசின் டிராய் நகரப் பெண்கள் நாடகத்தையும் எடுத்தாண்டவை. 'வெறியாட்டம்' என்ற தலைப்பு, போரில் கணவரையும் மக்களையும் இழந்த பெண்களின் புலம்பலுக்கு வேலன் சடங்கின் பெயரைச் சூட்டுகிறது. இலங்கையில் சி. மௌனகுருவின் 'சக்தி பிறக்குது' பெண்ணடிமைக்கு எதிரான கூட்டுக்குரலைக் கூத்து மரபில் வெளிப்படுத்தியது.

ஆண் இயக்குநர்களின் நாடகங்களில் பெண்ணுடல் பெரும்பாலும் துயரத்தின் அல்லது சீற்றத்தின் பேருருவமாக வருகிறது. கண்ணகி எரிக்கிறாள், டிராய்ப் பெண்கள் அழுகிறார்கள். மங்கையின் நாடகங்களில் பெண்ணுடல் அன்றாடத்தில் இருக்கிறது. குளிக்கிறது, பூச்சூடுகிறது, கருவுறுகிறது, களைக்கிறது. பேருருவம் பார்வையாளரை வணங்கவைக்கும், அன்றாடம் அவரைத் தம் வீட்டை நினைக்கவைக்கும். சூனியக்காரியையும் தெய்வத்தையும் ஒருங்கே தவிர்க்க இரண்டாவது வழியே பொருத்தமானது.

குறைகள்

இந்நாடகங்கள்மேல் வைக்கத்தக்க விமர்சனங்கள் சில உண்டு.

சடங்கை வடிவமாகக் கொள்வதில் ஓர் ஆபத்து இருக்கிறது. மஞ்சள் நீரும் குலவையும் தாலாட்டும் ஒப்பாரியும் மேடையில் அழகாக அமையும்போது, பார்வையாளர் அவற்றின் இசையில் நனைந்து கேள்வியைத் தவறவிடக்கூடும். சங்கத் தோழியின் கேலிக்குரல் போன்ற ஒன்று சடங்கின் நடுவில் தொடர்ந்து ஒலித்தால்தான் சமன் நிலைக்கும்.

திட்ட நிதியில் நடக்கும் நாடகம் திட்டத்தோடு முடிகிறது. 1990-களின் இறுதியில் தருமபுரிப் பகுதியில் அரசுத்துறையின் ஒத்துழைப்போடு சிசுக்கொலைக்கு எதிரான பெரும் கலைப்பயணமும் நடந்தது. இத்தகைய பயணங்கள் ஊருக்குள் பேச்சைத் தொடங்கிவைத்தன. ஒருமுறை வந்து போகும் நாடகம் வரதட்சணைக் கணக்கை மாற்றிவிடாது. ஸ்கேன் கருவி வந்தபின் கொலை வீட்டுக் கொல்லைப்புறத்திலிருந்து நகரத்து மருத்துவமனை அறைக்கு இடம்பெயர்ந்தது. மண் தாழியும் கள்ளிப்பாலும் கொண்ட மேடைப்படிமங்கள் அந்த அறைக்குப் பொருந்துவதில்லை.

மலைக்கும் சமவெளிக்கும் உள்ள வேறுபாடு மேடையில் போதிய அளவு இடம்பெறவில்லை. தமிழ் நவீன நாடகம் குறிஞ்சியைச் சங்கப் பாடல் வழியாக அறிந்த அளவுக்கு, இன்றைய மலைமக்களின் பெண்கள் வழியாக அறியவில்லை. பரியம் கொடுத்து மணந்த சமூகத்துக்குள் வரதட்சணை நுழையும்போது பெண்ணுடலின் மதிப்பு எப்படித் தலைகீழாகிறது என்பது ஒரு முழு நாடகத்துக்கான பொருள்.

மதிப்பீடு

சூனியக்காரி வேட்டை என்றதும் எரியும் கம்பமும் கூச்சலிடும் கூட்டமும் நினைவுக்கு வருகின்றன. தமிழ்ச் சூழலில் கூட்டம் கூச்சலிடுவதில்லை. குறி கேட்கிறது, மயிரை அறுக்கிறது, வளையல் பூட்டுகிறது, வாழ்த்துப் பாடுகிறது. அன்பின் மொழியிலேயே கட்டுப்பாடு நடப்பதால் அதை மேடையில் காட்டுவது ஐரோப்பிய வேட்டையைக் காட்டுவதைவிடக் கடினம். தமிழ்ப் பரிசோதனை நாடகத்தின் பெண்ணியப் பிரிவு இந்தக் கடினத்தை உணர்ந்து, அயல்நாட்டு நாடகத்தைப் பெயர்த்துப் போடாமல், சடங்கையும் பழம்பாடலையும் உள்ளிருந்தே திறந்து பார்த்தது. கொலை செய்த கையை மறைக்காமலும் அந்தக் கைக்குரியவளை வேட்டையாடாமலும் பேசமுடியும் என்று 'பச்ச மண்ணு' காட்டியது. கிழவியாக்கப்பட்டவளை மீண்டும் இளம்பெண்ணாக்க முடியும் என்று 'ஔவை' காட்டியது.

கொல்லிப்பாவை இந்த வரிசையில் நிற்கத்தக்க மற்றோர் உருவம். அவளைக் கொலைக்காரியாகக் காட்டும் நாடகம் பழைய கதையையே திருப்பிச் சொல்லும். அவளைச் செய்தது யார், யார் பார்த்தபோது அவள் சிரித்ததாகச் சொன்னார்கள், செத்தவன் எதற்காக அங்கே போனான் என்று கேட்கும் நாடகமே வெறிபாடிய காமக்கண்ணியார் தொடங்கிவைத்த மரபைத் தொடரும்.